நின்ற போத்தலும் கிடந்த போத்தலும்

1

எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் ஒரு போத்தல் நின்ற இடம் மூன்று கிழமையாக வெறுமையாகக் கிடக்கிறது. மனைவி பிலோமினா அங்கே எதையாவது வைத்துவிடப் பார்க்கிறாள். முதலில் பிளாஸ்டிக் ரோசாப்பூ வைத்தாள். எடுத்துவிட்டேன். பிறகு லூர்து மாதாவை வைத்தாள். மாதாவை எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை; கொஞ்சம் பக்கத்தில் தள்ளி வைத்தேன்.

"அதில என்னதான் வைக்கப் போறியள்?" என்றாள்.

"யோசிக்கிறன்."

"ஓம், யோசியுங்கோ. போத்தல் செத்து முப்பத்தோராம் நாளும் வரட்டும். பூசை ஒண்டு குடுத்திட்டு முடிவெடுப்பம்."

அந்தப் போத்தலின் கதையைத்தான் எழுதப் போகிறேன். மொன்றியலில் ஒரு வைன் போத்தல் பழுதானதற்கு ஒரு கட்டுரையா என்று ஊரில் இருந்து வாசிக்கிற உங்களுக்குத் தோன்றும். வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பாசையூர் அந்தோனி. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. பார்க் எக்ஸ்டென்ஷனில் இறங்கி அந்தோனியின் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். எந்த வீடு என்று திருப்பிக் கேட்பார்கள். மூன்று இருக்கிறது. இரண்டு பட்டதாரிகளும் ஒரு எஞ்சினியரும் அவற்றில் வாடகைக்கு இருக்கிறார்கள். குழாய் ஒழுகினால் என்னை "ஐயா" என்று கூப்பிடுகிறார்கள். குழாயை நானே போய்த் திருத்துகிறேன். அதுவும் எனக்குத் தெரியும்.

இவ்வளவும் இருந்தும் ஒரு மனிதன்மேல் எனக்கு இருபது வருசமாகப் பொறாமை. அவனுக்குச் சொந்த வீடில்லை. செயின்ட்-மிஷேலில் ஓர் இத்தாலியக் கிழவியின் வீட்டில் கீழ்மாடியை வாடகைக்கு எடுத்து இருக்கிறான். டோர்வல் விமான நிலையத்தில், பறக்கிறவர்களுக்குக் கொடுக்கும் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்குகிற வேலை. பெயர் சூசை. மன்னார் பேசாலைக்காரன். இப்போது எனக்குச் சம்பந்தியாகவும் வந்துவிட்டான்.

அவனிடம் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஒரு நாக்கு இருக்கிறது.

2

நானும் சூசையும் ஒரே பனிக்காலத்தில் வந்து இறங்கியவர்கள். ஒரே இத்தாலியச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினோம். இரண்டு தொட்டி. ஒன்றில் நான், மற்றதில் அவன். முதலாளியின் பெயர் கார்லோ. வயிறு முன்னால் வர, அவர் பின்னால் வருவார்.

விலை கூடிய வைன் குடிக்கிறவர்கள் கடைசி வாயைக் கிளாசிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். அடியில் மண்டி இருக்கும், அதனால்தான் என்று பிறகு அறிந்தேன். அப்போது எங்களுக்கு மண்டியும் தெரியாது, மரியாதையும் தெரியாது. கழுவுவதற்கு முன் குடித்துவிடுவோம். இதை எழுத எனக்கு வெட்கமில்லை. வைன் படித்த எந்தப் பெரிய மனிதனும் என்னைப்போல் அத்தனை போத்தல்களின் அடியைக் குடித்திருக்க மாட்டான்.

எங்களுக்குத் தெரிந்த வைன், பூசையில் சுவாமியார் குடிப்பது. எங்களுக்குத் தெரிந்த குடி, கள்ளு. காலையில் இறக்கினால் பொழுதுபடும் முன்னே புளித்துவிடும். இருபது வருசம் கிடந்து நல்லதாகிற குடி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஒருநாள் மத்தியானம் கார்லோ எங்களைக் கையும் கிளாசுமாகப் பிடித்துவிட்டார். வேலை போனது என்று நினைத்தேன். அவரோ கைகளைக் கட்டிக்கொண்டு, "எப்படி இருக்கிறது?" என்று கேட்டார்.

"குட், வெரி குட்" என்றேன் நான்.

சூசை கிளாசுக்குள் மூக்கை விட்டான். கண்ணை மூடினான். பிறகு மேசையில் இருந்த ரோசாப்பூவைக் காட்டினான். அடுத்ததற்கு அவனுக்குச் சொல் வரவில்லை. கார்லோவின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப்போய், தெருவில் றோட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர்களைக் காட்டினான். கொதிக்கிற தார்.

கார்லோவின் முகம் சிவந்துவிட்டது. சூசையின் ஈர ஏப்ரனோடு சேர்த்து அவனைக் கட்டிப்பிடித்தார். அந்த வைனின் பெயர் பரோலோ. அதைச் செய்கிற ஊரில் பரம்பரையாக அதற்குச் சொல்கிற மணம் இரண்டுதான்: ரோசாவும் தாரும். பேசாலையில் வலை இழுத்தவனுக்கு அது ஒரு வாயில் தெரிந்திருக்கிறது.

அன்றிலிருந்து கார்லோ ஒவ்வொரு நாளும் ஒரு கிளாசைக் கொண்டுவந்து சூசையிடம் நீட்டுவார். பாவம் பார்த்து எனக்கும் ஒன்று. அது எனக்கு இளம் பாக்கைக் கடித்ததுபோல் துவர்க்கும், வேறொன்றும் தெரியாது. ஆனாலும், "ரோசா, தார்" என்று சொல்லிவிடுவேன். ஒருநாள் சமையலுக்கு ஊற்றுகிற மலிந்த வைனை வேண்டுமென்றே தந்தார். "ரோசா, தார்" என்றேன். குசினி முழுக்கச் சிரித்தது. சூசை சிரிக்கவில்லை. குனிந்து கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். அவனும் சிரித்திருந்தால் அன்றே அடித்துவிட்டு மறந்திருப்பேன்.

3

குடும்பத்தைக் கூப்பிடக் கடதாசி போட்டோம். சூசையின் மனைவி றீற்றா மன்னாரில் ஒரு ஸ்டூடியோவில் பிள்ளையை மடியில் வைத்துப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். அவனுடைய அலுவல் மளமளவென்று முடிந்தது. என்னுடையது நின்றுவிட்டது. என் மகள் ஜசிந்தாவின் ஞானஸ்நானப் பத்திரத்தில் ஒரு பெயர், பிறப்புப் பத்திரத்தில் இன்னொரு பெயர். குடிவரவு அதிகாரியாக இருந்த பெண் கேட்டாள்: "பிள்ளையோடு நீங்கள் நிற்கிற ஒரு படமாவது இருக்கிறதா?"

இருந்தால்தானே. நான் வெளிக்கிடும்போது அவள் தவழ்ந்து திரிந்தாள். படம் எடுக்கிற எண்ணம் யாருக்கு இருந்தது? எட்டு மாதம் கூடுதலாகப் போனது. அந்த எட்டு மாதமும் சூசை வேலை முடிந்ததும் மகனுக்கு விளையாட்டுக் கார் வாங்கிக்கொண்டு ஓடுவான். நான் கோப்பைகளோடு நிற்பேன். அப்போதுதான் ஒரு முடிவு எடுத்தேன்: படம் இல்லை என்று இனி ஒருவரும் என்னைப் பார்த்துச் சொல்லக்கூடாது.

என் குடும்பமும் வந்து சேர்ந்த கிழமை, கார்லோ கடையிலேயே விருந்து வைத்தார். சூசையின் மகன் றெஜியும் என் மகளும் ஒரே வருசம் பிறந்தவர்கள். பெடியன் இரண்டே மாதம் மூப்பு. அந்த வருசத்துத் திராட்சையில் செய்த பரோலோவில் ஆளுக்கொரு போத்தல் தந்தார். கறுத்தச் சிவப்பு லேபல், பொன் எழுத்தில் 1982.

"இவர்கள் கலியாணம் கட்டும்போது திறவுங்கள். அதற்கு முன் தொட்டால் கையை வெட்டுவேன்" என்றார்.

அடுத்த வருசமே கார்லோ நெஞ்சுவருத்தத்தில் போய்விட்டார். போத்தலை எப்படி வைத்திருக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அல்லது இத்தாலியனில் சொன்னாரோ தெரியாது.

4

நான் என்னுடையதை எங்கே வைத்திருப்பேன்? நாலு பேர் பார்க்கிற இடத்தில்தான். கண்ணாடி அலுமாரியின் நடுத்தட்டில், மேலே சின்ன பல்ப், கீழே சுவரோடு ஹீட்டர். ராசா மாதிரி நின்றது. வீட்டுக்கு வந்தவர் எவரும் அதன் வரலாற்றைக் கேட்காமல் போனதில்லை. ஒவ்வொரு வருசமும் பங்குனியில் ஜசிந்தாவின் பிறந்தநாளுக்கு பல்ப்பைப் போட்டு, அலுமாரிக்குப் பக்கத்தில் அவளை நிறுத்திப் படம் எடுப்பேன். போத்தலில் வருசம் எழுதியிருக்கிறது, பக்கத்தில் பிள்ளை. எந்த அதிகாரி வந்தும் கேட்கட்டும்.

சூசையின் வீட்டில் வேறு கதை. றீற்றா செபமாலைக்காரி. திருஇருதயப் படம் இருக்கிற வீட்டுக்குள் குடிவகை வரக்கூடாது என்றுவிட்டாள். அந்த வீட்டு வாசல் படிக்கட்டுக்குக் கீழே சீமெந்தால் கட்டிய ஒரு குளிர் அறை இருக்கிறது. இத்தாலியர்கள் வைனும் தக்காளிப் போத்தலும் வைப்பதற்காகக் கட்டியது. அங்கே, இருட்டில், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போத்தலை உருட்டிவிட்டான். பத்தொன்பது வருசம் அது அங்கே படுத்துக் கிடந்தது.

நான் வீடு வாங்கினேன். பிரெஞ்சு கதைக்கப் பழகினேன். சூசை இரண்டு வேலை செய்து அப்படியே இருந்தான். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, என் மகள் அவன் மகனை விரும்புகிறேன் என்று வந்து சொல்லும்வரை.

அதைக்கூடப் பொறுத்தேன். பெடியன் நல்லவன், கணினி வேலை. என்னால் பொறுக்க முடியாதது வேறு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜசிந்தா செயின்ட்-மிஷேலுக்குப் போகத் தொடங்கினாள். அவளுக்கு வைனில் ஆசை வந்துவிட்டது. வாங்கிக்கொண்டு போய் சூசைக்கு ஊற்றிக் கொடுப்பாள். அவன் மணந்து பார்த்துச் சொல்வான்: "இது மழைக்குப் பிறகு வாற மண் மணம் பிள்ளை, இது காய்ஞ்ச நாவல்பழம்." அவள் அதைப் பிரெஞ்சில் ஒரு கொப்பியில் எழுதிக்கொள்வாள். எங்கள் வீட்டில் ஒரு முழு வசனம் தமிழில் பேசாதவள், "மாமா, துவர்ப்பு எண்டா சரியா என்ன?" என்று அவனிடம் கேட்கிறாள்.

"என்னட்டக் கேக்கலாம்தானே" என்றேன் ஒருநாள்.

"நீங்கள் எல்லாவற்றுக்கும் ரோசா, தார் என்பீர்களாம் அப்பா" என்று பிரெஞ்சில் சொல்லிச் சிரித்தாள்.

அவன் சொல்லிக்கொடுத்திருக்கிறான்!

மோதிரம் மாற்றுவதற்கு நாள் வைத்தோம். கலியாணம் தொடங்குவதே மோதிரத்தில்தானே; அன்றைக்கு இரண்டு போத்தலையும் திறப்பது, பெண் வீட்டுப் போத்தல் முதலில் என்று முடிவு. இருபது வருசமாக இல்லாத ஒரு பயம் எனக்கு வந்தது. பெரிய மதுக்கடை ஒன்றில் விசயம் தெரிந்த பெடியனிடம் போனேன்.

"பத்தொன்பது வருசமா? படுக்க வைத்தா, நிற்க வைத்தா?" என்று பிரெஞ்சில் கேட்டான்.

"நிற்க வைத்துத்தான். விளக்குப் போட்டு" என்றேன் பெருமையாக.

அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. நின்றால் தக்கை காய்ந்துவிடுமாம். காற்றுப் போகுமாம். வெளிச்சமும் சூடும் வைனுக்கு நஞ்சாம். "நல்ல அலங்காரப் பொருள், மிஸ்யூ. திறக்காதீர்கள்" என்றான்.

ஆக, ஒன்றும் தெரியாமல் நான் நிறுத்தினேன். ஒன்றும் தெரியாமல் அவன் படுக்க வைத்தான். அவன் மனைவியின் செபமாலையால் அவனுக்கு நல்ல வைன். இதைவிட ஒரு மனிதனுக்கு வயிறு எரிய வேறு என்ன வேண்டும்?

மோதிரம் மாற்ற இரண்டு கிழமை இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை, விருந்துக்கு அரிசி எடுக்க என்று சூசை வீட்டுக்குப் போனேன். குளிர் அறையில் தனியாக நின்றேன். அவன் போத்தலைக் கண்டேன். லேபலில் கொஞ்சம் பூஞ்சணம், ஆனால் அதே கறுத்தச் சிவப்பு. கையில் எடுத்தேன். கீழே போட்டிருக்கலாம். போடவில்லை. பழைய வைனைக் குலுக்கினால் மண்டி கலங்கிக் கெட்டுவிடும் என்று கடைப் பெடியன் சொல்லியிருந்தான். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இருமல் மருந்தைக் குலுக்குகிற மாதிரி, நன்றாகக் குலுக்கினேன். குலுக்கிவிட்டுப் பழையபடி படுக்க வைத்தேன். இதை நான் இன்னும் பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் சொல்லவில்லை. இதை எழுதுவதற்குள் சொல்ல வேண்டும் என்றிருந்தேன், நீங்கள் அவரை முந்திவிட்டீர்கள்.

5

மோதிரம் மாற்றின ஞாயிறு, பூசை முடிந்து எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சூசை கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தான். போத்தலை நிமிர்த்தி, குழந்தைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறினான்.

"பத்து நாளா நிமித்தி வைச்சனான் மச்சான். மண்டியெல்லாம் நல்லா அடியில இருந்திட்டுது" என்றான்.

நான் குலுக்கினதும் வீண்.

குசினிக்குள் நானும் அவனும் மட்டும் போனோம். பிலோமினாவின் மாதாவுக்கு முன் எரிந்த மெழுகுதிரியை எடுத்துவந்து தன் போத்தலின் கழுத்துக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்லக் கண்ணாடிச் சாடியில் ஊற்றினான். மண்டி கழுத்துக்கு வந்ததும் நிறுத்தினான்.

"சூசை அண்ணை, மாதாவை இருட்டில விட்டிட்டியள்" என்று பிலோமினா வாசலில் நின்று கத்தினாள்.

"மாதாவின்ர மகனும் கலியாண வீட்டில வைன் செய்தவர்தானே தங்கச்சி. மாதா ஒண்டும் சொல்லமாட்டா."

பிறகு என் போத்தல். திருகாணியை விட்டதும் தக்கை வறட்டுப் பிட்டுப்போல் உதிர்ந்தது. ஊற்றினான். மண்ணிற வைன். வாய்க்குக் கொண்டுபோகத் தேவையில்லை. மணந்து பார்த்தவன் கிளாசை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"உண்மை வேணுமோ, நல்ல கதை வேணுமோ?"

"சொல்லு."

"செத்துப்போச்சுது மச்சான்."

குடித்துப் பார்த்தேன். வினாகிரியில் பழைய புத்தகத்தை ஊறப்போட்ட மாதிரி இருந்தது. எனக்குக்கூடத் தெரிந்தது.

வெளியே அறுபது பேர். "அப்பாவின் போத்தல் எங்கே?" என்று பிரெஞ்சில் ஜசிந்தாவின் குரல் கேட்டது. சூசை குரலைத் தாழ்த்தி, "இன்னொரு சாடி எடு. என்ரதில பாதியை ஊத்துவம். இது அந்தோனியின்ர, இது சூசையின்ர எண்டு கொண்டுபோவம். ஒருத்தருக்கும் தெரியாது" என்றான்.

நல்லவனாக இருப்பதிலும் என்னை முந்துகிறான்!

"உன்ர வைனை என்ரது எண்டு என்ர மகளுக்கு நான் குடுக்கிறதோ?" என்றேன். "அவளுக்குத் தெரியாமப் போகுமோ? நீதானே பழக்கினனி!"

அந்த நேரம் பார்த்து வரவேற்பறையில் கைதட்டல். றெஜி புறொஜெக்டரில் படம் காட்டத் தொடங்கிவிட்டான். நானும் சூசையும் குசினி வாசலில் நின்று பார்த்தோம், கோப்பை கழுவிய காலத்தில் விருந்துகளைப் பார்த்த மாதிரி.

சுவர் நிறைய ஜசிந்தா. ஆறு வயது, ஏழு வயது, எட்டு வயது. பத்தொன்பது படம், எல்லாம் அதே அலுமாரிக்குப் பக்கத்தில். சனங்கள் பிள்ளை வளர்வதைப் பார்த்தார்கள். நான் போத்தலைப் பார்த்தேன். முதல் படத்தில் லேபல் கறுத்தச் சிவப்பு. அவளுக்குப் பத்து வயதாகும்போது செங்கல் நிறம். பதினாறில் ரோசா. கடைசிப் படத்தில் லேபல் கழுவிப்போட்ட சேலைபோல. கழுத்துவரை நின்ற வைன் தோள்வரை இறங்கியிருந்தது. அவள் ஏற ஏற அது இறங்கியிருக்கிறது. ஒவ்வொரு வருசமும் விளக்குப் போட்டு நானே அதைக் கொன்றிருக்கிறேன், படம் எடுத்து எடுத்து.

பிறகு றெஜியின் படங்கள். மன்னார் ஸ்டூடியோவில் தாயின் மடியில் ஒன்று. பள்ளிக்கூட வகுப்புப் படம் இரண்டு. பட்டமளிப்பு. முடிந்துவிட்டது. பெடியன் பகிடியாக, "அவ்வளவுதான், அப்பா எப்பவும் டோர்வலில" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

சூசை சிரிக்கவில்லை. சாடியைக் கையில் பிடித்தபடி சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அந்தோனி."

"என்ன?"

"பிள்ளையின்ர எட்டாவது பிறந்தநாள் படம். பின்னால கேக்கைப் பாத்துக்கொண்டு ஒரு பெடியன் நிக்கிறான், கண்டனியோ? பல்லு விழுந்து. அது றெஜிதானே?"

"ஓம், அவன்தான்."

"அவனுக்குப் பல்லு விழுந்தது எனக்கு ஞாபகம் இல்லை மச்சான்." சாடியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினான்: "நீ குடுத்துவைச்சனி. வருசம் வருசமா உன்னட்டக் கிடக்கு. என்னட்ட இந்தத் தண்ணிதான் கிடக்கு."

திரும்பி அவன் முகத்தைப் பார்த்தேன். கண் என் அலுமாரியில் நின்றது. கடைவாய் ஒரு பக்கம் இழுபட்டிருந்தது. இருபது வருசமாகச் சவரம் செய்யும்போது கண்ணாடியில் நான் பார்த்து வருகிற முகம் அது.

என் கிளாசில் இருந்த செத்த வைனை எடுத்துக்கொண்டு வரவேற்பறைக்குப் போனேன். "கேளுங்கோ" என்றேன். "என்ர போத்தல் செத்துப்போச்சு. பத்தொன்பது வருசம் என்ர மகளோட நிண்டு படம் பிடிச்சே செத்துது. மொன்றியலில அப்பிடி வாழ்ந்த போத்தல் வேற இல்லை! இப்ப சம்பந்தியின்ரதைக் குடியுங்கோ."

ஜசிந்தா எழுந்து வந்து என் கையில் இருந்த கிளாசை வாங்கி ஒரு வாய் குடித்தாள். முகம் சுளித்தது. விழுங்கினாள்.

"என்ன மணக்குது?" என்றேன்.

"எங்கட வீட்டு ஹீட்டர் அப்பா" என்றாள், தமிழில்.

பிறகு சூசையின் பரோலோவைக் குடித்தேன். ஓரத்தில் செங்கல் நிறம். அந்தப் பழைய துவர்ப்பு எங்கேயோ போய்விட்டிருந்தது. வாய்க்குள் மெதுவாக இருந்தது. ரோசா எனக்கு வரவில்லை. தார் கொஞ்சம் வந்தமாதிரி இருந்தது, அதுவும் கேட்டுக் கேட்டுப் பழகியதால்தானோ தெரியாது. நல்ல வைன். அவனுடையது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சூசை எங்கள் வீட்டுக்கு வருகிறான். அல்பங்களைக் கேட்கிறான். ஒவ்வொரு பிறந்தநாள் படத்திலும் ஓரத்தில், கதிரைக்குப் பின்னால், மேசைக்கு அடியில் அவன் மகனைத் தேடுகிறான். பிரதி எடுத்துக் கொடுக்கலாம்தான். கொடுப்பேன். ஆனால் ஒரு ஞாயிறுக்கு ஒரு வருசம்தான் திறக்கிறேன். போன கிழமை எட்டாவது வயதுக்கு வந்தோம். பல்லு விழுந்த அந்தப் பெடியனை அவன் விரலால் தொடும்போது, நான் படத்தைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்தேன். வைனில் எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த முகத்தில் இருந்ததை மட்டும் ஒரு சொட்டிலேயே சொல்லிவிடுவேன்.